ஹவ்ரில் தெரு

கெல்மோரிலிருந்து கடலுக்கு
எந்தப் பக்கம் புறப்பட்டாலும் இரண்டு நாள் ரயில்.
ஆனாலும் கோதுமை வயலை அறுத்துப் போட்ட
புதுத் தெருக்களுக்கெல்லாம்
கடற்படைக்காரர்களின் பெயர்கள்.
பதினான்கு வீடுகள், முட்டுச்சந்து,
முனையில் வரிசையாகத் தபால் பெட்டிகள்:
அதுதான் அப்பா.

பெயர்ப்பலகையில் சின்னதாக ஒரு நங்கூரம்.
அப்பா நங்கூரத்தைத் தொட்டதே இல்லை.
கப்பலின் அடிவயிற்றில் கொதிகலனோடு கிடந்தவர்.
அட்லாண்டிக்கை நாலு வருஷம் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்தும்
அவர் பார்த்தது அழுத்தமானியின் முள்ளைத்தான்.
அங்கே என்னதான் இருந்தது என்று ஸ்டெஃபான் அண்ணன் கேட்டால்
"வெந்நீர்" என்பார்.
அவ்வளவுதான்.

அப்பா போன ஆறாம் வருஷம்
மேயர் வந்து துணியை இழுத்தார்.
ஹவ்ரில் தெரு.
அம்மா என் கையைக் கிள்ளினாள்.
எங்கள் பெயர் ஹவ்ரிலியுக்.

அண்ணன் சண்டைக்கே போய்விட்டான்.
நகராட்சியில் கோப்பைப் பிரித்துக் காட்டினார்கள்:
நாற்பத்தொன்றாம் வருஷத்துச் சேர்க்கைப் படிவம்.
பெயருக்கான கட்டம் சின்னது.
எழுதியவனின் பேனா, கோடு வந்ததும் நின்றுவிட்டது.
கீழே அப்பாவின் கையெழுத்து.
அவரும் அதையே பார்த்து எழுதியிருக்கிறார்,
பத்தொன்பது வயசு, தாள் கிழியும் அழுத்தம்.

மாற்றித் தருகிறோம் என்றார்கள்.
அம்மா வேண்டாம் என்றாள்.
"அவனை எனக்குத் தெரியாது.
எனக்கு வாய்த்தவர் அதற்கப்புறம் வந்தவர்.
அவன் தெரு அவனிடமே இருக்கட்டும்."
வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்தாள்,
தேவைக்கு மேல், ஒரு வாளி.

நான் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
முட்டுச்சந்துகளுக்குக் கடைசி முறை.
ஜனவரி விடியலில் வண்டி ரேடியோ கரகரக்கும்:
"டாரியா, ஹவ்ரில் இன்னும் புதைந்து கிடக்கிறதாம்,
ஆள் மாற்றி ஆள் போன் செய்கிறார்கள்."
போவேன்.
ஏழாம் எண் வீட்டுக்காரர் இரவு அங்கியோடு வந்து
தன் வாசலில் பனியைக் குவித்துவிட்டேன் என்று திட்டுவார்.
குவித்திருப்பேன்தான்.
யாருடைய மகள் என்று அவரிடம் சொன்னதில்லை.

தெருக்கோடியில் வண்டியைத் திருப்பும்போது
விளக்கு பலகைமேல் விழும்.
பனி அப்பி, சில நாள் நங்கூரம் மட்டும் மிஞ்சியிருக்கும்,
சில நாள் அதுவும் இல்லை.
இறங்கிப்போய்க் கையுறையால் துடைப்பேன்.
ஐந்து எழுத்துத்தான், சீக்கிரம் முடிந்துவிடும்.
குளிர் நாற்பதுக்குக் கீழே போனால்
இறங்குவதில்லை.