காசிமேட்டுக்கு மூன்றாவது முறை

"மறுபடி நின்னுடுச்சு" என்றாள் டெல்ஃபின் போனில்.
"வாங்க" என்று அழைக்கவில்லை. வைத்துவிட்டாள்.

ராயபுரம் பாலமிறங்கிப் போகும்போதே
சட்டையில் கருவாடும் டீசலும் ஏறிக்கொள்கின்றன.
முதல்முறை வந்தபோது முதலாளி சிரித்தார்:
"உறையவைக்கிறது நம்ம தொழில்,
அதுக்கு யாரு கத்துக்குடுத்தது?"
இன்று ஈரத்தரையைப் பார்த்தபடி தாண்டிப் போகிறார்.

அம்புக்குறி பாதித் திரையில் நிற்கும்.
மூலைக் கடிகாரம் நாலு பதினேழில் நிற்கும்.
நம்லாக்கைத் தட்டினால்
விளக்கு அணையாது, எரிந்தது எரிந்தபடி.
உள்ளே காற்றாடி மட்டும்
எதுவும் நடக்காததுபோல் சுற்றும்.

சூடு என்றேன் முதலில்.
காய்ந்த பசையைச் சுரண்டிப் புதுப்பசை வைத்தேன்.
உப்புக்காற்று என்றேன்.
ராமின் பொன்னிறப் பற்களை
ஸ்கூல் பையன் அழிரப்பரால் தேய்த்தேன்.
பக்கத்து கம்ப்ரசர் கரண்ட்டை இழுக்கிறது என்றேன்,
மூவாயிரத்து நானூறுக்கு யூபிஎஸ் வாங்கவைத்தேன்.
அது இப்போது மேசைக்கடியில்
அவள் சாப்பாட்டுப் பையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

ரிச்சி தெருக் கடையில் மூன்று நாள் ஓட்டினேன்.
ராத்திரி முழுக்க ராம் சோதனை, எட்டுச் சுற்று, பிழை சுழியம்.
மல்டிமீட்டரில் பன்னிரண்டு வோல்ட் பன்னிரண்டாகவே இருந்தது.
படம் பார்த்தேன், இரண்டு படம்.
கண் சிமிட்டாமல் காட்டியது.
இங்கே கொண்டுவந்து வைத்தால்
நாற்பது நிமிஷம்.

டெல்ஃபின் ஒரு நோட்டை என் பக்கம் தள்ளினாள்.
கோடு போட்டு, தேதி, மணி,
அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன்:
*பில் அடிக்கிறப்ப.*
*சும்மா இருக்கிறப்ப.*
*சாப்பிடப் போயிருந்தேன், வந்து பாத்தா நின்னிருக்கு.*
*அம்மாவுக்கு மருந்து விலை பாத்துட்டிருந்தேன்.*
விடிகாலை மூன்றரை, பகல் ஒன்று, ஞாயிறு எதுவுமில்லை,
செவ்வாய் ஐந்து தடவை.
கணக்குக்குள் அடங்காத கணக்கு.
"போட்டு கிளம்புற டைம் மாதிரி இருக்கு" என்றாள்,
பேச்சுக்குச் சொன்னதுபோல.

நான் எழுந்து போகவில்லை.
டீ வந்தது. டீ ஆறியது.
பதினொன்று ஐம்பதுக்கு இரண்டு பேர்
கொக்கி போட்டுப் பாளத்தை இழுத்துவந்து
உடைக்கும் மெஷினின் வாயில் தள்ளினார்கள்.
சத்தம் காதுக்கு வருமுன் மேசைக்கு வந்தது.
கிளாஸில் மிச்ச டீயின்மேல்
வட்டத்துக்குள் வட்டம்.
கடிகாரம்: பதினொன்று ஐம்பத்திரண்டு.
அதன் பிறகு பதினொன்று ஐம்பத்திரண்டு.
நம்லாக் விளக்கு அணையவில்லை.

பெட்டியைப் படுக்கவைத்தேன். போர்டைக் கழற்றினேன்.
போர்டில் ஆறு ஓட்டை.
தகட்டில் ஏழு பித்தளைத் தண்டு.
ஏழாவது,
எந்த ஓட்டையும் இல்லாத இடத்தில்
தனியாக நிமிர்ந்து நின்றது,
நுனி மட்டும் புதுநகைபோல் மின்ன.
போர்டின் பச்சை முதுகில்
அதே இடத்தில் மிளகளவு தழும்பு.
ஐஸ் உடையும்போதெல்லாம் தொட்டிருக்கிறது,
தொட்டதும் எல்லாம் நின்றிருக்கிறது.

பெட்டியின் உட்பக்கம் ஒரு ஸ்டிக்கர்.
பொருத்திய தேதி, இரண்டு வருஷம் முன்.
கீழே கையெழுத்து.
என் கையெழுத்தில் 'ர'வுக்கு வால் கொஞ்சம் நீளம்.

திருகி எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.
மூடினேன். ஓட்டினேன்.
அடுத்த பாளம் போனது, மேசை அதிர்ந்தது,
அம்புக்குறி
நான் இழுத்த பக்கமெல்லாம் வந்தது.

"பையில என்ன போட்டீங்க?"
எடுத்து நோட்டின்மேல் வைத்தேன்.
அதுவும் லேசாக ஆடியது.
"இவ்ளோதானா?" என்றாள். பிறகு,
"யாரு வச்சது?"

சொன்னேன்,
ஐஸ் நொறுங்குகிற இரைச்சலுக்குள்
நன்றாகப் பார்த்து நுழைத்துச் சொன்னேன்.

"என்னது?" என்ற டெல்ஃபின்
ஜன்னல் வழியாகக் கையை நீட்டி
மெஷினை நிறுத்தச் சொன்னாள்.