மிஞ்சியதன் எடை

தார்த்துவில் பிப்ரவரி. வெளியே மைனஸ் பதினாறு.
உள்ளே அறுபத்தைந்து டிகிரியில்
ஆளுக்கு மூன்று கோப்பை.
எனக்கும் குடிப்பவர்களுக்கும் நடுவே
ஒரு முழ அகலத்தில் தள்ளுகதவு;
திறந்தால் கைகள் மட்டும் தெரியும்.

நிறத்தைப் பார்த்து நாக்கு மயங்காதிருக்கச்
சிவப்பு விளக்கு.
பெயர் கிடையாது: 274, 638, 951.
ஒன்று, இரண்டு என்று எழுதினால்
முதலாவதற்கே மாலை போடுவார்களாம்.
சென்ட் பூசி வரக்கூடாது.
நடுநடுவே ஒரு மடக்குத் தண்ணீர்,
உப்பில்லாத பிஸ்கட் பாதி.

274 லிண்டன் பூ. கேட்டால் ஆமாம் என்று சொல்லும், அவ்வளவுதான்.
951 பிளாக்கரன்ட் இலையும் புதினாவும்,
வந்தவுடன் தோளில் கை போடுகிற ருசி.
638
எரிந்த காட்டில் முதலில் முளைக்கிற செடி,
எங்கள் மொழியில் கடமான் சணல்.
இலையைக் கசக்கிப் புளிக்கவைத்தது.
முதலில் துவர்ப்பு. அப்புறம் வருவதற்கு
என் படிவத்தில் கட்டம் இல்லை.

ஏழாம் அறை.
நகக்கண்ணில் கிரீஸ், மணிக்கட்டில் அறுந்து முடிந்த வார்.
951-க்கு ஒன்பதுக்கு எட்டு.
638-க்கு இரண்டு.
குறிப்பு என்ற இடத்தில்: நனைந்த கம்பளி.

கோப்பைகளைத் திரும்ப வாங்கினேன்.
எட்டு பெற்றதில் முக்கால் அப்படியே.
இரண்டு பெற்றது
வழித்தெடுத்த மாதிரி காலி.

கொட்டிவிட்டாரோ என்று தட்டைத் தடவினேன்,
காய்ந்திருந்தது.
தராசை இழுத்தேன்.
பன்னிரண்டாம் அறை: மதிப்பெண் மூன்று, மிச்சம் நான்கு கிராம்.
பத்தொன்பது: அதற்கும் மூன்றுதான், மிச்சம் ஒன்றரை.
இருபத்திரண்டாம் அறையில் மட்டும்
பிடிக்கவில்லை என்று எழுதியவர்
உண்மையாகவே குடிக்கவில்லை.

தாவெட்டிடம் காட்டினேன்.
"மிச்சத்துக்குப் பத்தி போடவில்லையே" என்றார்,
மீந்த பிஸ்கட்டைக் கடித்தபடி.
"பிடித்ததா என்றுதான் கேட்டோம்.
குடித்தாயா என்று கேட்கவில்லை."

951 மே மாதம் பச்சைப் பெட்டியில் கடைக்கு வரும்.
என் எடைகள் ஒரு பழைய உறையின் முதுகில்.

ஆறு மணிக்கு விளக்கை வெள்ளைக்கு மாற்றினேன்.
ஏழாம் அறையின் கதவை யாரோ தட்டினார்கள்.
கையுறை பாதி மாட்டிய அதே கை.
"அந்த மோசமானது இன்னும் இருக்கிறதா?"

இல்லை என்பதுதான் விதி.
ஃபிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்தேன்.
அறுபத்தைந்து டிகிரி இருக்காது என்றேன்.

கை
நீட்டியபடியே இருந்தது.