பச்சை மை

இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் விமானம்.
இறக்கிய மூட்டையில் மாவு, பேட்டரி,
டெஸ்ஸாவின் திருத்திய கட்டுரை.

யூக்கான் ஆற்றில் பனி உடைந்த நாளை எழுதியிருந்தாள்.
ஓரமெல்லாம் ஹெண்ட்ரி டீச்சரின் பச்சை மை:
"நாய்களுக்குத்தான் முதலில் கேட்டது. நல்ல வரி.
மூன்றாம் பத்தியில் மட்டும் நீ இல்லை.
அங்கே யார்?"

அவள் என்னைப் பார்த்தாள்.
நான் அடுப்பைப் பார்த்தேன்.
விறகு போதுமான அளவு இருந்தது.

'இயற்கையின் சீற்றம்' என்னுடையது.
'பிரம்மாண்டம்' கூட.
விடிந்தால் விமானம், இவள் தூங்கிவிட்டாள்,
கொஞ்சம் கைகொடுத்தேன்.

அழிக்கிறாள். மேசையெங்கும் ரப்பர் துகள்.
"அப்பா, பனி உடைஞ்சப்போ நீ என்ன கத்தினே?"
ஞாபகமில்லை.
"படகு, படகுன்னு ஓடினே. ஒரு கால்ல பூட்ஸ் இல்ல."
எழுதுகிறாள்.

பூட்ஸில் ஓர் எழுத்து குறைகிறது.
கையைக் கட்டிக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.