பதின்மூன்றாவது வளையம்

ஆரியங்காவில் கோடைமழை மூன்று நாள் கொட்டி
விட்ட பிறகும்
தேக்குத் தோட்டத்துக்குள் தூறிக்கொண்டிருந்தது.
கையை நீட்டினேன். நனையவில்லை.
கடுகுக்கும் சின்னதாய்க் கறுப்பு மணிகள்.
"புழுவோட பீ" என்றார் வாட்சர் சசாங்கன்,
குடையை விரித்தபடி.

இருநூற்று எண்பது ரூபாய் கூலி எனக்கு.
கிளைக்கு எத்தனை இலை,
இலைக்கு எத்தனை புழு,
மலையாளத்தில் அச்சடித்த தாளில்
கட்டம் கட்டமாக எழுத வேண்டும்.
எண்ணுகிறவள் மேலும் ஏறும்.
மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தால்
கழுத்தில் ஒன்று, தூக்குவாளி மூடியில் இரண்டு.

இலையோரத்தைக் கத்தரிக்கும்.
கத்தரித்ததை மடிக்கும். மடித்ததை நூலால் ஒட்டும்.
அதற்குள் படுத்துக்கொண்டு
சுவரைத் தின்னும், கூரையைத் தின்னும்.
சுளகு அகல இலையில்
கடைசியில் நடுநரம்பு மட்டும் நிற்கும்,
மீனை யாரோ ருசித்துச் சாப்பிட்டுப்
போட்ட மாதிரி.

பிறகு ஒரு ராத்திரி
செக்போஸ்ட் டியூப்லைட்டைச் சுற்றி அந்துகள்.
கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
உட்கார்ந்தால் சருகு.
எழும்பும்போதுதான்
கறுப்பில் மஞ்சள் போட்ட உள்பாவாடை தெரியும்.
லாரி பில்லின் மேல் ஒன்று உட்கார்ந்தது.
சீல் வைக்கப் போன ஆபீசர் கையை நிறுத்தி
எங்கிருந்து வருது இதெல்லாம் என்றார்.
தமிழ்நாட்டிலிருந்து, என்றார் சசாங்கன்.
புளியரையில் கேட்டால்
எங்கள் ஆட்கள் கேரளாப் பூச்சி என்பார்கள்.
நான் வாயைத் திறக்கவில்லை.

ஆடிக்குள் மரமெல்லாம் மறுபடி துளிர்த்துவிட்டது.
தாள்களைக் கட்டித் திருவனந்தபுரம் அனுப்பினார்கள்.

இப்போது நான் மர டிப்போவில்.
நம்பர் அடிப்பேன், சுற்றளவு பிடிப்பேன்.
நேற்று அந்தத் தோட்டத்திலிருந்து
இடைவெட்டுத் தடிகள் வந்திறங்கின.
அறுத்த முகத்தில் ரம்பத்தூள் இன்னும் ஈரமாய்.
பட்டையிலிருந்து உள்ளே எண்ணினேன்,
பழைய பழக்கம்.
பன்னிரண்டு வரை விரல் தாராளமாய் நடந்தது.
பதின்மூன்று,
வெட்டியெறிந்த நகத்துண்டு அகலம்கூட இல்லை.

ரிஜிஸ்டரில் நீளம் உண்டு, சுற்று உண்டு,
வெடிப்பு, பொந்து, முடிச்சு உண்டு.
இதற்குக் கட்டம் இல்லை.
செங்கோட்டையில் எவர் வீட்டு நிலையாகவோ
நிற்கப்போகிற மரம்.
இழைப்புளி அதன்மேல் ஓடும்போது
ஆசாரிக்கு ஒருவேளை
கை லேசாக இடறலாம்,
இடறாமலும் போகலாம்.

லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.
எச்சில் தொட்டு அந்தக் கோட்டை
இன்னொரு தரம் தேய்த்துப் பார்த்தேன்.
அந்த வருஷம், மேலக்கரை வரிசையில்,
இலைக்குப் பதினொன்று.