நாலு மணி டிக்

முப்பத்தொரு ஆய்வுகளையும்
வரிசையில் நிற்க வைத்திருந்தேன்,
ஓ.பி. சீட்டுக்கு நிற்பவர்களைப் போல.
இவர் இப்படிச் சொல்கிறார்.
அவரும் அதையே சொல்கிறார்.
இன்னொருவர் மேலும் சொல்கிறார்.
என்னைவிட நான்கு வயது இளைய வழிகாட்டி
ஓரத்தில் சிவப்பு மையில் மூன்றே சொல் எழுதியிருந்தார்:
நீங்க என்ன சொல்றீங்க?

நானா?
பதினோரு வருஷம்
டாக்டர் சொன்னதை எழுதிக்கொண்டவள்.
ரவுண்ட்ஸில் அரை அடி பின்னால் நடந்தவள்.
அச்சில் வந்த ஒருவரிடம்
நீங்கள் சொல்வது போதாது என்று
எந்த வாயால் சொல்வேன்?

பனங்காட்டில் எங்கள் முன்னறை
கொலுசுப் பட்டறை.
பற்றவைக்கும் ஊதுகுழல் இரைச்சலில்
மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன்.
எட்டிப் பார்த்த தனசீலன் கேட்டார்:
"இதெல்லாம் எத்தனை டச்?"
கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
உருக்கிப் பார்த்தேன்.

நான் மூன்று பத்தி புகழ்ந்திருந்த கட்டுரையில்
மொத்த நோயாளிகள் இருபத்திரண்டு பேர்.
இன்னொன்று
காற்று மெத்தைக் கம்பெனி கொடுத்த பணத்தில் நடந்தது;
கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது அது.
மற்றொன்றில் ஒரு நர்ஸுக்கு இரண்டு பேர்.
எங்கள் வார்டில் நாற்பத்தாறு,
பாய் விரித்துத் தரையில் கிடப்பவர்களைச் சேர்க்காமல்.

இது எனக்குத் தெரியாத வேலை இல்லை.
டியூட்டி மாறும்போது கைக்கு வரும் சார்ட்டில்
பன்னிரண்டு படுக்கைக்கும்
நூற்றிருபதுக்கு எண்பது என்றிருந்தால்
யாரிடமும் ஒன்றும் கேட்க மாட்டேன்.
பி.பி. கருவியை எடுத்துக்கொண்டு
முதல் படுக்கைக்குப் போவேன்.

அந்தத் தெம்பில் வேகமாக எழுதிக்கொண்டு போனேன்
பத்தொன்பதாவது ஆய்வு வரை.

இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்தால்
படுக்கைப்புண் குறைகிறது.
புரட்டினார்கள் என்பதற்குச் சான்று:
அட்டவணையில் நர்ஸ் போட்ட டிக்.
கடைப்பிடித்தது தொண்ணூற்று நான்கு சதவீதம்.

தொண்ணூற்று நான்கு.

நாகலூர்ச் சடையன்
மிளகு பறிக்க ஏறிய சில்வர் ஓக்கிலிருந்து விழுந்தவர்.
இடுப்புக்குக் கீழே
கிள்ளினாலும் தெரியாது.
சனிக்கிழமை இரவு.
இரண்டு மணிக்கு ஆயாவும் நானும் புரட்டினோம்.
மூன்றரைக்கு ஐந்து ரோட்டிலிருந்து
ஒரே வேனில் நாலு பேர், ரத்தத்தோடு.
ஆறு மணிக்குத்தான் அவரிடம் திரும்பினேன்.
ஒரே பேனாவால்
நாலு மணிக்கு ஒரு டிக்,
ஆறு மணிக்கு ஒரு டிக்.

புத்தகத்தில் முதல் நிலை என்றால் சிவப்பு.
முப்பத்தொன்றிலும் படத்திலிருப்பது வெளுத்த தோல்.
மலையில் வெயில் தின்ற அந்த முதுகில்
சிவப்பு எங்கே தெரியும்?
ஞாயிறு மாலை விரல் வைத்தேன்.
ஒரு ரூபாய் அகலத்துக்குச் சூடு,
உள்ளே கெட்டியாக.
"அங்க எப்படிம்மா இருக்கு?" என்றார்,
"எனக்குத்தான் தெரியலையே."

நல்லா இருக்கு என்றேன்.
அதுவும் ஒரு டிக்தான்.

யாராவது எங்கள் வார்டு அட்டவணைகளை எண்ணியிருந்தால்
அந்த நாலு மணியும்
ஒரு சதவீதத்தின் துளியாகப் போயிருக்கும்,
ஏதோ ஒரு நாட்டில் ஒரு மாணவி
அதை நம்பி மேற்கோள் காட்டியிருப்பாள்.

பட்டறையில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.
என் சொந்த வாக்கியம் ஒன்றை அடித்தேன்,
முதல் முறையாக:

'செவிலியரே நிரப்பும் அட்டவணையை மட்டும்
சான்றாகக் கொண்ட ஆய்வுகளில்
கடைப்பிடிப்பு அளவு
மிகையாகப் பதிவாகியிருக்கலாம்.
கருநிறத் தோலில் முதல் நிலைப் புண்கள்
எண்ணப்படாமல் விடுபட்டிருக்கலாம்.'

வழிகாட்டி இப்போது கேட்கப்போவது தெரியும்:
ஆதாரம்?

அடைப்புக்குறியைத் திறந்தேன்.
ஆசிரியர் பெயர், ஆண்டு
வரவேண்டிய இடத்தில்
கர்சர் துடிக்கிறது.
காலை டியூட்டிக்கு ஐந்து மணிநேரம் இருக்கிறது.
இன்னும் மூடவில்லை.