ஐந்தாவது

லாங் பஜாரில் செத்த பேட்டரிகளோடு கிடந்த கேசட்.
பத்து ரூபாய். வாசித்தவர் பெயர் இல்லை,
பால்பாயிண்டில் "ஹிந்தோளம், வர்ணம்" என்று மட்டும்.
இம்தாதுல்லா அதைத் தன் வேனில் போட்டு
மேல்விஷாரத்துக்கும் ராணிப்பேட்டைக்கும்
தோல் ஏற்றிப் போகவர
நாற்பது நாள் கேட்டான்.
அதற்கு மறுநாள் டெக் அதைத் தின்றது.
முழுதும் அல்ல.
முக்தாயி சுரம் வந்து இறங்குகிற இடத்தில்
நான்கு விநாடி.

பென்சில் விட்டுச் சுற்றி, செலோ டேப் ஒட்டி
பிழைத்ததை ஒத்திகைக்குக் கொண்டுவந்தான்.
சத்துவாச்சாரியில்
ஷூ அப்பர் தைக்கும் கூடத்துக்கு மேல் மாடி எங்களுடையது.
கீழே இருபது மெஷின் ஓடும்போது
பூங்காவனத்துக்கு மெட்ரோனோம் வேண்டாம்.
ஆஸ்பத்திரி லேபில் ராத்திரி முழுக்க ரத்த அணுக்களை எண்ணிவிட்டு
காலையில் வந்து ஆதி தாளம் எண்ணுவாள்.
தோல் ஊர்க்காரி, டிரம்மில் அடிப்பது பிளாஸ்டிக் தோல்.
சொன்னால் சிரிப்பாள்.

டிஸ்டார்ஷனில் நாங்கள் சுரத்தைத் தனியே அனுப்புவதில்லை.
பவர் கார்ட் என்றால்
ஒவ்வொன்றும் தன் ஐந்தாவதைக் கையைப் பிடித்துக் கூட்டிவரும்.
காந்தாரம் நிஷாதத்தோடு வந்தது. சரி.
மத்தியமம் மேல் சட்ஜத்தோடு. சரி.
தைவதம் காந்தாரத்தோடு,
நிஷாதம் மத்தியமத்தோடு,
எல்லாம் வீட்டு ஆட்கள்.
சட்ஜம் மட்டும்,
வீட்டுக்குச் சொந்தக்காரன் மட்டும்,
பஞ்சமத்தோடு வாசலில் வந்து நின்றான்.

ஹிந்தோளத்தில் பஞ்சமத்துக்கு இடம் கிடையாது.
மூன்று வாரம் சட்ஜத்தைத் தனியாக நிற்க வைத்துப் பார்த்தோம்.
உப்பில்லாமல் இருந்தது.

அந்த நான்கு விநாடியில் என்ன இருந்திருக்கும்?
ஆளுக்கு ஒன்று சொன்னோம்.
இம்தாது பேசிக்கொண்டே கம்பியைத் தட்டி விட்டான்,
சட்ஜம், கூடவே அது.
நிறுத்தவில்லை.
நான் பேஸில் மத்தியமத்துக்கு இறங்கி நின்றேன்.
வீடு மாறிவிட்டது.
சுரங்கள் அதே ஐந்துதான்,
மத்தியமத்திலிருந்து எண்ணினால்
கிட்டார் தொட்ட முதல் வாரத்தில்
எவனும் பழகுகிற ஐந்து.
வாசலில் நின்றவனும் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தான்.

காட்பாடியில் ஒரு கல்லூரி விழா. மே மாத வெயில்
ராத்திரி எட்டு மணிக்கும் சுவரில் ஒட்டியிருந்தது.
பையன்கள் கத்தினார்கள். இரண்டாம் பரிசு.
நடுவர்களில் வயலின்காரர் ஒருவர்
மேடைக்குப் பின்னால் வந்து நின்று சொன்னார்:
"பிரமாதம். ஆனா அந்தப் பஞ்சமம்...
அது வெளியிலதான் நிக்கணும்."
கோபமாகச் சொல்லவில்லை. இலக்கணம் அது.

எங்கள் தெருப் பத்திரங்களில்
சர்வே நம்பருக்கு மேலே
அந்தச் சொல்லுக்கு உறவான ஒரு சொல் இன்னும் இருக்கிறது.
பூங்காவனம் அதை அவரிடம் சொல்லவில்லை.
சிம்பலை உறையில் போட்டு
ஜிப்பை இழுத்தாள், மெதுவாக, கடைசி வரைக்கும்.

ஊரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு,
நீரில்லா ஆறு, தெய்வமில்லாக் கோயில் என்று போகும்.
தெய்வம் கோட்டைக்குத் திரும்பி நாற்பது வருடத்துக்கு மேலாகிறது.
சொலவடையை யாரும் மாற்றி வாசிக்கவில்லை.

வயலின்காரர் சொன்னபடி முழு வர்ணத்தையும்
போனில் அனுப்பினார். அவரே வாசித்தது.
பாலாற்றுப் பாலத்தில் வேனை ஓரம் கட்டிக் கேட்டோம்.
அந்த நான்கு விநாடி:
நிஷாதத்திலிருந்து நழுவி, தைவதத்தில் ஒரு அசைவு,
சட்ஜத்தில் இறங்கும்போது ஒரு பூனையின் பாதம்.
இம்தாது இரண்டாம் தடவையும் போட்டான்.
"அழகுடா" என்றான்.
லாரி ஒன்று போய் முடியும்வரை பொறுத்து,
"என்னமோ கொறையுதில்ல?"

அடுத்த ஒத்திகையில் நான்கை எட்டாக்கினோம்.
முதலில் அவர் அனுப்பியது, உள்ளது உள்ளபடி.
அப்புறம் எங்களுடையது.
கீழே சாப்பாட்டு நேரம், மெஷின்கள் நின்றுவிட்டன.
பூங்காவனம் வாய்விட்டு எண்ணினாள்.