பின்பக்கமாக மட்டும்

செய்தி வந்த இரவு
வாட்ஸ்அப் குழுவில் பதினொரு பேர்தான் இருந்தோம்.
யாரும் தூங்கவில்லை.

"சென்னையிலயா? நம்ம சென்னையிலயா?" டெஸ்மண்ட்.
"எந்தப் புல்லுல?" ஃபர்ஹானா.
தோள்பட்டை இரண்டு முறை கழன்றவள்,
புல்லைப் பற்றிக் கேட்க உரிமையுள்ளவள்.
"அக்டோபர்ல வெச்சிருக்காங்களே, மழை எந்த டீமுக்கு ஆடும்?"
இதற்கு மட்டும் நாற்பது சிரிப்பு முகங்கள்.

பணம் யார் தருகிறார்கள் என்றார் ஒருவர்.
போன வருடம் நம் பெண்கள்
கன்ஃபர்ம் ஆகாத டிக்கெட்டோடு
கழிவறை வாசலில் உட்கார்ந்து
புவனேஸ்வர் போன படத்தை
இன்னொருவர் மறுபடி போட்டார்.
வெகுநேரம் யாரும் எதுவும் எழுதவில்லை.
பிறகு டெஸ்மண்ட்:
"டிக்கெட் எப்போ விடுறாங்க?"

பெரியமேட்டில் நான் வேலை பார்க்கும் கடையில்
ஒரே ஒரு ரக்பி பந்து
வலைப்பைக்குள் ஆறு வருடமாகத் தொங்குகிறது,
காற்றிறங்கிய பூசணி மாதிரி.
அந்த வாரம் நான்கு பேர் விலை கேட்டார்கள்.
யாரும் வாங்கவில்லை.
முதலாளி இருநூறு ரூபாய் ஏற்றினார்.

போட்டியன்று ஆட்டோக்காரர்,
"மேட்ச்சுன்னா சேப்பாக்கம் தானே?"
இல்லை, நேரு ஸ்டேடியம் என்றேன். விளக்கினேன்.
பந்தைக் கையில் முன்னால் எறியக் கூடாது,
பின்பக்கமாக மட்டும்தான் கொடுக்கலாம்.
சிக்னல் முழுக்க யோசித்தார்.
"அப்ப எப்படிமா முன்னாடி போவாங்க?"
ஓடணும்ணே.
"மீட்டருக்கு மேல இருபது குடுத்துடு."

மழை மூன்று மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டது.
பாதி அரங்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்,
பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள்,
மடியில் சாம்பார் சாதப் பொட்டலம்.
எந்த விசிலுக்கும் கத்தினார்கள்.
எதிரணி பந்தைத் தவறவிட்டாலும்,
நடுவர் ஷூ லேஸ் கட்டினாலும்.

எங்கள் வரிசையின் கடைசியில் ஒரு பெரியவர்,
அவித்த கடலை, மடக்காத குடை.
ஞானரூபன், வளசரவாக்கம்.
"அதுக்கு முன்னம் கண்டி.
பள்ளிக்கூட டீம்ல பதினாலாம் நம்பர், பிள்ளை.
எண்பத்திமூண்டு ஜூலை வரைக்கும்."
அன்று எங்களுக்கு எதிரே இலங்கை.
டெஸ்மண்டுக்கு எதை எப்போது கேட்பதென்று தெரியாது:
"அண்ணே, நீங்க யார் பக்கம்?"
அவர் ஒரு கடலையை உரித்தார்.
இன்னொன்றை உரித்தார்.

அவர்களுடைய விங்கர் கோட்டோரமாகப் புறப்பட்டாள்.
தண்ணீர் இருபுறமும் பிரிய
மூன்று பேரைக் கடந்து.
ஞானரூபனின் கை பாதி உயர்ந்தது.
எங்களைப் பார்த்தார்.
உயர்ந்த கையால் குடையைச் சரிசெய்தார்,
அது சரியாகத்தான் இருந்தது.
"செம ஓட்டம்," என்றாள் ஃபர்ஹானா,
கழன்ற தோளோடு கைதட்டி.
அவர் எதுவும் சொல்லவில்லை.
கடலைப் பொட்டலம் மட்டும்
எங்கள் பக்கம் நகர்ந்து வந்தது.

முப்பத்தெட்டு. பூஜ்யம்.
கடைசி நிமிடத்தில்
சேற்றுக் குவியலுக்குள்ளிருந்து பிய்ந்து வந்தாள்
வியாசர்பாடி எஸ்தர்கலா,
ஒரு காலத்தில் என் பூட்ஸைக் கடன் வாங்கி
இன்னும் திருப்பித் தராதவள்.
கோட்டுக்கு மேல் விழுந்தாளா, கோட்டுக்கு முன்னாலா?
நடுவர் குனிந்தார்.
ஐந்து புள்ளி.

பன்னிரண்டு வருடம் சேர்த்துவைத்த கூச்சல்
என் தொண்டையில் இல்லை.
தேடிப் பார்த்தேன், இல்லை.
பிள்ளைகள்தான் கத்தினார்கள்,
லேஸுக்குக் கத்திய அதே கத்தல்,
அது போதுமானதாக இருந்தது.

"ஆர் அந்தப் பிள்ளை?" என்றார்.
சொன்னேன்.
"கை நல்ல கை."
கூட்டம் கலைந்தபோது குடை மட்டும்
சென்ட்ரல் பக்கமாகப் போவது தெரிந்தது.
நம்பர் வாங்க மறந்துவிட்டேன்.

குழுவில் இப்போது இருநூற்றுப் பதினாறு பேர்.
நேற்றிரவு புதிதாக யாரோ கேட்டார்கள்:
"இதுல ஒரு டீமுக்கு எத்தனை பேர்?"
பழைய பதினொரு பேரும்
ஒரே நேரத்தில் பதில் எழுதிக்கொண்டிருந்தோம்.
பதினைந்து என்றாள் ஃபர்ஹானா.
ஏழு என்றான் டெஸ்மண்ட்.
விடியும்வரை சண்டை.